கத்தரிக்காய்க் கசப்பு: சந்தைக் கூறிலிருந்து வாணலி வரை

எண்ணெய்க் கத்தரிக்காயில் மசாலா எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஒரே ஒரு காய் கசந்துவிட்டால் போதும், குழம்பு முழுக்க அது இறங்கிவிடும். பாகற்காயின் கசப்பைத் தெரிந்தேதான் சாப்பிட உட்காருகிறோம். கத்தரியின் கசப்பு வாயில் போட்டதும் தெரியாது. மென்று விழுங்கிய பிறகு மெதுவாக எட்டிப் பார்க்கும், தண்ணீர் குடித்தாலும் நகராது. கூடவே தொண்டையில் ஒரு காறல்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தண்ணீரில் போட்டு வை, உப்புப் பிசறி வை, புளித்தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மோர். எல்லாவற்றையும் ஒரே காயில், ஒரே அடுப்பில், அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். இந்தக் கோடையில் செய்து பார்த்தேன். கோடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தால் செடி தவிக்கும், காய் கசக்கும். மழைக்குப் பிறகு வரும் காயில் இந்தச் சோதனையைச் செய்தால் பாதி வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

சந்தையில்

நாங்கள் இருப்பது வேலூர். கத்தரிக்காய்க்குப் பேர் போன ஊர்தான். அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்து ஆம்பூரில் பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு, இலையில் அதற்குத் துணையாக வரும் புளிப்பும் காரமுமான கத்தரிக்காய் மறக்காது. சந்தையில் முள் கத்தரியோடு உஜாலா, வரிக் கத்தரி, பச்சை நீளக் காய், வெள்ளைக் காய், சுடுவதற்கென்று வாங்கும் பெரிய கறுப்புக் காய் என்று வரிசையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். எந்த ரகம் கசக்கும், எது கசக்காது என்று ரகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் நிறைய. ரகத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனால் பறித்தபோது அந்தக் காய்க்கு என்ன பருவம் என்பதற்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு என்பதைப் பிறகு மாடித் தோட்டத்தில் கண்ணால் பார்த்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் காம்பு. பச்சையாக, ஈரம் ஓடிய வெட்டுவாயோடு இருக்க வேண்டும். பழுப்பேறிச் சுருங்கிய காம்பு என்றால் பறித்து நாளாகிவிட்டது. முள் கத்தரியில் முள்ளே ஒரு அடையாளம் என்கிறார் நான் வழக்கமாக வாங்கும் ஆயா. "தொட்டா சுருக்குனு குத்தணும் கண்ணு. மடங்குச்சுன்னா நேத்து காய்."

பளபளப்பைப் பார்க்கும்போது ஒன்று கவனிக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் எந்தக் காயும் மின்னும். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இளங்காயின் தோல் அப்போதும் கண்ணாடி மாதிரி மின்னும். முற்றிய காய் மங்கிப்போய்த் தெரியும். ஊதாவில் ஒரு செம்மண் சாயல் தட்டினாலோ, பச்சைக் காயிலும் வெள்ளைக் காயிலும் அடிப்பக்கம் மஞ்சள் ஓடினாலோ உள்ளே விதை கட்டிவிட்டது என்று பொருள்.

ஊதாக் காய்களில் இன்னொரு அடையாளம் இருக்கிறது. பலரும் கவனிப்பதில்லை; எனக்கு மிகவும் கைகொடுத்தது அதுதான். காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பி தோலின்மேல் படிந்திருக்கும் இடத்தில், தொப்பியின் ஓரத்துக்குக் கீழே, தோல் வெளுத்து ஒரு வளையம் தெரியும். ஊதா நிறம் ஊறுவதற்கு வெளிச்சம் வேண்டும். தொப்பிக்கு உள்ளே மறைந்திருக்கும் தோல் வெளுப்பாகவே இருக்கும். காய் வளர வளர அந்தத் தோல் வெளியே நகர்ந்து வரும், பிறகு நிறம் ஏறும். காய் மும்முரமாக வளர்ந்துகொண்டிருக்கும்போது பறித்திருந்தால், புதிதாக வெளியே வந்த தோலுக்கு நிறமேற நேரம் இருந்திருக்காது. வளையம் அகலமாகத் தெரியும். வளர்ச்சி நின்ற காயில் ஊதா தொப்பியின் விளிம்பு வரை ஏறி நிற்கும். ஒரே கூறிலிருந்து வளையம் அகலமாக உள்ள காய்களையும், வளையமே இல்லாத காய்களையும் தனித்தனியாக எடுத்து வந்து குறுக்கே வெட்டிப் பார்த்தேன். முதல் கூட்டத்தில் விதை வெள்ளரிப் பிஞ்சில் இருப்பதுபோல் வெளுப்பாக, நகத்தால் நசுக்கினால் நசுங்கியது. இரண்டாவதில் விதை தடித்து, பல காய்களில் பழுப்பேறி இருந்தது. வரிக் கத்தரி, பச்சை, வெள்ளை ரகங்களில் இதைப் பார்க்க முடியாது. தொப்பிக்கு அடியிலும் நிறம் ஏறும் ஊதா ரகங்களும் உண்டு. உஜாலாவிலும் முள் கத்தரியிலும் எனக்குச் சரியாகவே வந்தது.

கனம் பற்றி இரண்டு கட்சி. "லேசா இருந்தா விதை கம்மி" என்பது ஒன்று. "கனமா இருந்தாத்தான் புதுசு" என்பது மற்றது. இரண்டும் உண்மை, ஆனால் வெவ்வேறு கேள்விக்கான பதில். காய் இரண்டு காரணத்தால் லேசாகும்: விதை கட்டாமல் சதை பஞ்சாக இருப்பது ஒன்று, பறித்து நாளாகி நீர் வற்றுவது இன்னொன்று. இதை விரல்தான் பிரித்துச் சொல்லும். லேசாக அழுத்தினால் அமுங்கி உடனே எழும்பி வந்தால் நல்ல காய். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றால் வாடிய காய். அமுங்கவே மறுத்துக் கல்லாக இருந்தால் முற்றல், இல்லை மிகப் பிஞ்சு. அளவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

காயின் அடிப்பக்கத் தழும்பு வட்டமாக இருந்தால் ஆண், கோடாக இருந்தால் பெண், பெண்ணில் விதை அதிகம் என்று ஒரு செய்தி வாட்ஸாப்பில் அடிக்கடி வருகிறது. காயில் ஆண், பெண் கிடையாது. அது பூ உதிர்ந்த வடு. இரண்டு விதமான வடு உள்ள காய்களையும் வெட்டிப் பார்த்தாயிற்று, விதையில் ஒரு ஒழுங்கும் இல்லை.

ஓட்டை விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். காய்த்துளைப்பான் புழு சிறியதாக இருக்கும்போதே உள்ளே போய்விடும். நுழைந்த துளை அடைபட்டுக் கண்ணுக்கே தெரியாது. நமக்குத் தெரியும் பெரிய ஓட்டை, புழு தின்று முடித்து வெளியேறிய வாசல். ஆகவே ஓட்டை இல்லாததாலேயே புழு இல்லை என்று ஆகாது. நறுக்கும்போது பிரித்துப் பார்த்தே தீர வேண்டும். புழு குடைந்த தடத்தைச் சுற்றியுள்ள சதை பழுப்பேறிக் கசக்கும். பாதி நன்றாக இருக்கிறதே என்று அந்தக் காயை வெட்டிச் சேர்க்க வேண்டாம். விவசாயிகளை இவ்வளவு மருந்தடிக்க வைப்பதும் இந்தப் புழுதான். இதைத் தடுப்பதற்காகவே மரபணுவை மாற்றி உருவாக்கப்பட்ட பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மருந்தை நினைத்தாவது காம்புத் தொப்பியைத் தூக்கிவிட்டு ஓடும் தண்ணீரில் கழுவுவது நல்லது.

ஒரே செடியில் இரண்டு காய்

மாடியில் குரோ பேக்கில் உஜாலா நாற்று வைத்திருந்தேன். ஒரே செடியில் ஏறக்குறைய சேர்ந்து பிடித்த இரண்டு காய்களில் ஒன்றைப் பளபளப்பு இருக்கும்போதே பறித்தேன். மற்றதை மங்கும் வரை விட்டுவைத்தேன். மண், தண்ணீர், ரகம், வெயில் எல்லாம் ஒன்று. வேறுபாடு பருவம் மட்டும்தான். முதல் காயை ஒரு வில்லை நறுக்கிப் பச்சையாக நாக்கில் வைத்தால் லேசான இனிப்பு. இரண்டாவதின் வில்லையை வைத்தபோது முதலில் ஒன்றும் தெரியவில்லை, சற்றுப் பொறுத்துக் கசப்பு ஏறியது. துப்பிவிட்டு வாய் கொப்பளித்தும் நின்றது. விதை உள்ள நடுப்பகுதியில் கசப்பு அதிகம், தோலை ஒட்டிய ஓரத்தில் குறைவு.

தக்காளி, உருளை, மிளகாய், சுண்டை, தூதுவளை எல்லாம் கத்தரிக்குப் பங்காளிகள். சுண்டைக்காயின் கசப்பை நினைத்துப் பார்த்தால் கத்தரியின் குணம் புரியும். பூச்சியிடமிருந்து தப்பிக்க இந்தக் குடும்பம் ஆல்கலாய்டு வகைக் கசப்புப் பொருள்களை வைத்துக்கொள்கிறது. கத்தரியில் அவற்றின் பெயர் சோலமார்ஜின், சோலசோனின். இவை சூட்டில் எளிதில் அழிவதில்லை. "நல்லா வதக்கினா கசப்பு போயிடும்" என்பது அதனால்தான் பலிப்பதில்லை. தொண்டைக் காறல் மட்டும், நன்றாக வெந்தால் பெருமளவு அடங்குகிறது.

வேளாண் பயிரில் நட்டு ஏறக்குறைய 55, 60 நாளில் பறிப்புத் தொடங்கி, 4, 5 நாளுக்கு ஒரு முறை பறிப்பார்கள். ஒரு பறிப்பு தவறினால் அடுத்த பறிப்பில் முற்றல் கலந்து வரும். கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

கிண்ணங்கள்

சோதனைக்கு முற்றிய காய்தான் வேண்டும் என்று ஆயாவிடம் கேட்டேன். ஒதுக்கி வைத்திருந்த குவியலைக் காட்டினார்.

"இத வாங்கி என்ன பண்ணப் போற கண்ணு?"

"கசப்பு எதுல போகுதுன்னு பார்க்கணும் ஆயா."

"கசப்பு எங்க போவும்? காயை மாத்து."

2 கிலோ வாங்கி வந்தேன். விரல் கனத்துக்கு வில்லைகளாக நறுக்கி, எல்லாக் காயின் வில்லைகளையும் ஒரு தாம்பாளத்தில் கலந்துவிட்டு, 250 கிராம் வீதம் கிண்ணங்களில் பிரித்தேன். கலக்காமல் விட்டால் ஒரு கிண்ணத்தில் கசப்புக் காயும் இன்னொன்றில் நல்ல காயும் சேர்ந்து, சோதனையே பொய்யாகிவிடும். ஒன்று சும்மா. மற்றவை வெறும் தண்ணீர், உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர், மோர் கலந்த தண்ணீர் என்று ஆளுக்கொன்று. ஒன்றில் தண்ணீர் இல்லாமல் ஒரு தேக்கரண்டி கல்லுப்பைப் பொடித்துப் பிசறினேன். கடைசிக் கிண்ணத்தில் விதைப் பட்டையை மட்டும் கரண்டி முனையால் வழித்து எடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் அரை மணி நேரம். பிறகு ஒவ்வொன்றையும் அதே வாணலியில், அதே அளவு நல்லெண்ணெயில், மூடி போட்டு வேக வைத்தேன். உப்புக்கே கசப்பை அமுக்கும் குணம் உண்டு என்பதால், உப்பில் ஊறியவற்றை அலசி, மற்றவற்றோடு உப்பு சமமாக வரும்படி ருசி பார்த்துச் சேர்த்தேன். தட்டுக்கு அடியில் எண் எழுதி ஒட்டி, எது எது என்று சொல்லாமல் அம்மாவிடமும் எதிர்வீட்டு அக்காவிடமும் கொடுத்தேன்.

வெறும் தண்ணீரில் ஊறியதற்கும் சும்மா வைத்ததற்கும் கண்ணில் தெரிந்த வித்தியாசம் பெரியது. சும்மா வைத்தது கறுத்துப்போயிற்று, தண்ணீரில் கிடந்தது வெளுப்பாகவே இருந்தது. நாக்கில் அந்த வித்தியாசம் இல்லை. கறுப்பது வேறு சங்கதி, கசப்பது வேறு சங்கதி. காப்பிக்கொட்டையிலும் உள்ள குளோரோஜெனிக் அமிலம் கத்தரியில் நிறைய உண்டு. நறுக்கியதும் அது காற்றுப் பட்டு, காயிலேயே உள்ள ஒரு நொதியால் கறுக்கிறது. தண்ணீருக்குள் காற்று அதிகம் படாது, அவ்வளவுதான். இரும்பு அரிவாள்மனையில் அரிந்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும். காய் வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, கசப்பும் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். அரிசி களைந்த தண்ணீரும் இதே கதைதான். இருவராலும் வெறும் தண்ணீரிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மோரில் ஊறியது எல்லாவற்றிலும் வெளுப்பாக வந்தது. கசப்பும் கொஞ்சம் மட்டுப்பட்டதுபோல் இருந்தது. பொரியலுக்கு இதை இனி செய்வேன்.

புளித்தண்ணீரில் ஊறியதைச் சாப்பிட்டதும் "இது பரவாயில்ல" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் "பின்னாடி வருது" என்றார். புளிப்பு முன்னால் நிற்பதால் கசப்பு தாமதமாகத் தெரிகிறது. இந்தக் கிண்ணத்தில் இன்னொன்றும் நடந்தது: வில்லைகள் வேக நெடுநேரம் பிடித்தன. புளிப்புச் சேர்ந்தால் காய் சீக்கிரம் குழையாது. குழம்பில் புளியை முன்கூட்டியே ஊற்றிவிட்டால் கத்தரி நறுக்கென்று நின்றுவிடுவது இதனால்தான். அரைவேக்காட்டில்தான் காறலும் அதிகம்.

உப்புப் பிசறியதுதான் ஊற வைத்தவற்றில் முதலிடம். அரை மணியில் கிண்ணத்தின் அடியில் தேநீர் நிறத்தில் நீர் தேங்கியது. இரண்டு கைக்கு நடுவே வைத்துப் பிழிந்து, ஒருமுறை அலசி, துணியில் ஒற்றி எடுத்தேன். அந்த நீரை நாக்கில் வைத்தால் உப்புக்குப் பின்னால் நல்ல கசப்பு. ஆக, கொஞ்சம் கசப்பு நிஜமாகவே வெளியேறுகிறது. மீதியை உப்பு அமுக்குகிறது. கூடுதலாக ஒரு லாபமும் உண்டு. கத்தரிக்காயின் சதைக்குள் காற்று நிறைந்த சிறு அறைகள் ஏராளம், எண்ணெய் ஊற்ற ஊற்ற அவை குடித்துவிடும். உப்பு நீரை இழுத்ததும் அந்த அறைகள் அமுங்கிவிடுகின்றன. இந்தக் கிண்ணம் மட்டும் வாணலியில் எண்ணெய் மிச்சம் வைத்தது. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டதில் இந்த அளவு பலன் இல்லை. உப்பு நேரடியாகப் பட வேண்டும், பிழியவும் வேண்டும்.

எல்லாவற்றையும் தாண்டியது விதை எடுத்த கிண்ணம். சதை குறைந்து பாதியாயிற்று, வில்லைகள் பார்க்க அழகில்லாமல் போயின, ஆனால் கசப்பு பெருமளவு போயிருந்தது. விதை எடுத்து, உப்பும் பிசறிப் பிழிந்து இன்னொரு முறை செய்தபோது தொக்குக்குத் தாராளமாகப் பயன்படும் காயாக மாறியது.

கடைசியாக, ஒன்றுமே செய்யாத இளங்காய்க் கிண்ணத்தைச் சொல்லாமல் நடுவில் வைத்தேன். எதிர்வீட்டு அக்கா ஒரு துண்டு போட்டதும், "இதுல சர்க்கரை கிர்க்கரை போட்டியா?" என்று கேட்டார். ஊற வைத்த கிண்ணம் எதுவும் அதன் பக்கத்தில் வரவில்லை. ஆயா சொன்னதுதான் சரி.

இப்போது செய்யும் முறை

எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கோழிமுட்டையைவிடச் சிறிய காய்களாகப் பொறுக்குகிறேன். காம்பை முழுக்க வெட்டாமல் நுனியை மட்டும் நறுக்கி, அடியிலிருந்து கூட்டல் குறி மாதிரிக் கீறி, ஒவ்வொன்றையும் விரித்துப் பார்த்துவிடுவேன். புழுத் தடமோ பழுப்பு விதையோ இருந்தால் அந்தக் காய் தனியாகப் போகும். நல்லவற்றின் கீறலுக்குள் உப்பும் மஞ்சள் தூளும் தடவி, கீறல் கீழே பார்க்கும்படி வடிதட்டில் கவிழ்த்து வைக்கிறேன். மசாலா வறுத்து அரைக்கும் நேரம் அதற்குப் போதும். தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய், எள், வேர்க்கடலை, கொஞ்சம் தேங்காய். காய்களைத் துடைத்து நல்லெண்ணெயில் தோல் சுருங்கும் வரை புரட்டி, காம்படி மெத்தென்று ஆன பிறகுதான் புளிக்கரைசல். காம்படிதான் கடைசியில் வேகும் இடம், அங்கே கத்தி முனை தடையில்லாமல் இறங்க வேண்டும். இறக்கும்போது நெல்லிக்காய் அளவு வெல்லம். இலேசாகக் கசப்பு மிச்சம் இருந்தாலும் எண்ணெயும் வெல்லமும் சேர்ந்து அதைத் தணித்துவிடும்.

சுட்டுச் செய்யும் கொத்சுக்குப் பெரிய காய். சுட்டுத் தோலுரித்ததும் உடனே மசிக்காமல் வடிதட்டில் சாய்த்து வைத்தால் பழுப்பாக ஒரு நீர் இறங்கும். அதைக் கீழே ஊற்றிவிட்டு, விதைக் கொத்து பழுப்பேறியிருந்தால் அதையும் வழித்து எறிந்துவிட்டு மசிக்கலாம்.

வாங்கிய காயைக் குளிர்பதனப் பெட்டியில் நாள்கணக்கில் வைப்பதை நிறுத்திவிட்டேன். 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே கத்தரி தாங்காது. தோலில் குழி விழும், உள்ளே விதையும் சதையும் பழுப்பேறும். நல்ல காயை வாங்கி வந்து வீட்டில் கெடுத்த மாதிரி ஆகிவிடும். சமையலறையில் குளுமையான மூலையில் ஈரத்துணி மூடி வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். வாழைப்பழக் கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு கத்தரியின் காம்பை உதிரவைக்கும்.

தனியாக ஒதுக்கிய முற்றல்களையும் எறிவதில்லை. விதை தடித்தும் பழுப்பேறாமல் இருப்பவற்றை நாலாக நறுக்கி, உப்பு, மஞ்சள், புளி கரைத்த கொதிநீரில் அரைவேக்காடு வேகவிட்டு வடித்து, மொட்டைமாடியில் ஒடித்தால் படக்கென்று உடையும் வரை காயவிட்டால் வத்தல். வத்தக்குழம்பில் அந்தக் கசப்பை நம் வீடுகளில் யாரும் குறை சொன்னதில்லை. மாடிச் செடியில் நல்ல காய் ஒன்றை மட்டும் நூல் கட்டி விதைக்கு விட்டிருக்கிறேன். இப்போது முழுக்க மஞ்சளாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் மெத்தென்று ஆனதும் அறுத்துத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை மட்டும் எடுத்து நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பல் கலந்து கட்டி வைக்க வேண்டும்.